பங்குனிக்கு வாறம்

அன்பான மட்டுவில், சரசாலை உறவுகளுக்கு,

போன ஞாயிறு காலை என் மகள் காட்டுப் பாதையை விட்டு இரண்டு அடி உள்ளே போனாள். ஒன்பது வயதுப் பிள்ளை. ஒரு வெள்ளைப் பூவைக் கிட்டப் போய்ப் பார்க்க ஆசைப்பட்டவள். "பத்தைக்குள்ள போகாத!" என்று நான் கத்தினேன். முன்னால் நடந்துகொண்டிருந்த வயதான தம்பதி திடுக்கிட்டுத் திரும்பினார்கள். பிள்ளை தூக்கின காலைக் கீழே வைக்கத் தெரியாமல் ஒற்றைக் காலில் நின்றாள்.

அது அம்மாவின் குரல். 2000 வைகாசியில் நாங்கள் எல்லோரும் தென்மராட்சியை விட்டு ஓடினபோது எனக்குப் பன்னிரண்டு வயது. 2002இல் திரும்பி வந்தபோது வளவுப் பனைகள் தலையில்லாமல் நின்றன. கிணற்றடிக்குப் போகும் பாதை, பள்ளிக்கூடத்துக்குப் போகும் பாதை, கோயிலடி, இந்த மூன்றையும் விட்டு வேறெங்கும் கால் வைக்கக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். பலகை நட்டுக் கயிறு கட்டின இடங்களிலும் மிதிவெடி இருந்தது, கட்டாத இடங்களிலும் இருந்தது. உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இந்த மடலைப் படிக்கப் போகிறவர்களில் அதற்குக் காலைக் கொடுத்தவர்களும் இருக்கிறீர்கள்.

திரும்பி வந்த நாளிலிருந்து, கலியாணம் முடித்து 2011இல் விமானம் ஏறும் வரைக்கும் நான் எங்கள் ஊரைப் பாதையில் நின்றுதான் பார்த்திருக்கிறேன். பத்தைக்குள் கூவுவது என்ன குருவி, வேலிக்கு அப்பால் பூத்திருப்பது என்ன பூ என்று போய்ப் பார்த்ததேயில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை, மகளின் காலுக்குக் கீழே காய்ந்த இலைகளைத் தவிர வேறொன்றும் இல்லாத அந்தக் காட்டில் நின்றபோதுதான் எனக்கு அது விளங்கியது. வீட்டுக்கு வந்ததும் இதை உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

நாங்கள் போனது றூஜ் தேசிய நகர்ப் பூங்கா. எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸிலேயே போகலாம். ஸ்காபரோவின் கிழக்கு ஓரத்தில் தொடங்கி மார்க்கம், பிக்கரிங் பக்கமாக விரிந்து கிடக்கும் ஏறத்தாழ 79 சதுர கிலோமீற்றர் காடும் ஆறும் சதுப்பும் தோட்டக் காணியும். உள்ளே போகக் காசு இல்லை. கனடாவின் முதல் தேசிய நகர்ப் பூங்கா இதுதான். 2015இல் இதற்கென்று தனிச் சட்டம் வந்தது. ஆனால் அந்தச் சட்டம் வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பிருந்தே, ஆற்றங்கரைக் காணி வீடுகளாய் மாறிவிடாமல் கூட்டம் போட்டு, மனுக் கொடுத்து, மறித்து வைத்தவர்கள் அக்கம்பக்கத்துச் சனம்தான். இந்தப் பூங்காவைச் சுற்றியிருக்கும் தெருக்களில் எங்கள் ஆட்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறோம். நான் வந்து ஏழு வருடம் அதற்குள் கால் வைக்கவில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். இங்கே பனிக்காலம் கார்த்திகையில் தொடங்கினால் சித்திரை வரையும் இழுக்கும். மார்கழியில் பின்னேரம் ஐந்து மணிக்கு முன்னமே இருட்டிவிடும். என் கணவருக்குப் பண்டகசாலையில் இரவு வேலை, எனக்கு முதியோர் இல்லத்தில் மாறி மாறி வரும் முறை. பிள்ளைகளுக்குக் காலுறை, சப்பாத்து, கையுறை, தொப்பி, மேலங்கி என்று எல்லாம் மாட்டி முடிய அரை மணித்தியாலம் போய்விடும். பிறகு அந்தக் குளிரில் எங்கே போவது? அப்படியே பழகிவிட்டதால், வெயில் வந்த பிறகும் நாங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தோம். யன்னலைத் திறப்போம். அவ்வளவுதான் எங்கள் வசந்தம்.

என்னை வெளியே இழுத்தது நான் பராமரித்த ஒரு மூதாட்டி. தொண்ணூற்றொரு வயது, படுக்கையை விட்டு எழும்ப மாட்டார். மார்ச் மாதம் பிறந்தால் ஒவ்வொரு நாளும் நான் உள்ளே வரும்போது ஒரே கேள்வி: அந்தக் கரும்பறவை கத்தத் தொடங்கிவிட்டதா? தோளில் சிவப்புப் பட்டி வைத்த ஒரு கறுப்புப் பறவை அது. பனி முழுக்க உருகுவதற்கு முன்னமே தெற்கிலிருந்து வந்துவிடும். ஆண் பறவை காய்ந்த கோரைத் தண்டில் ஏறி நின்று துருப்பிடித்த கதவுப் பிணைச்சல் மாதிரி ஒரு சத்தம் போடும். ஒன்ராறியோவில் பழைய ஆட்களுக்கு வசந்தம் பிறப்பது நாட்காட்டியில் அல்ல, அந்தச் சத்தத்தில். எனக்கு அப்படியொரு பறவை இருப்பதே தெரியாது. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. அடுத்த நாள் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்து வாய்க்கால் கோரைக்குள் நின்று காது கொடுத்தேன். ஐந்தாம் நாள் கேட்டது. கைத்தொலைபேசியில் பதிந்து கொண்டுபோய் அவர் காதடியில் வைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு மூன்று தரம் கேட்டார். அந்த வருடம் ஆடி வரைதான் இருந்தார். அவர் தந்த வசந்தத்தைத்தான் நான் இப்போது என் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது எங்கள் வீட்டில் மார்ச் மாதத்து இரண்டாம் ஞாயிறு ஒரு நாள்பெருநாள் மாதிரி. அன்றைக்கு இங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி வைப்போம். வேலை முடிந்து வந்த பிறகும் வெளிச்சம் மிச்சம் இருக்கும். வைகாசியில் இரவு எட்டரைக்குத்தான் பொழுது படும். சோறு, கறியைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போய் ஆற்றங்கரையில் இருந்து சாப்பிடுவோம். சின்னவனுக்கு ஆறு வயது. வீட்டில் அரை மணித்தியாலம் கோப்பையோடு அவனுக்குப் பின்னால் திரிய வேண்டும். அங்கே அவனே கேட்டு இரண்டு தரம் வாங்கிச் சாப்பிடுகிறான்.

மேப்பிள் பாணி காய்ச்சுவதைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். மார்ச்சில், இரவில் தண்ணீர் உறையும் குளிரும் பகலில் அதை உருக்கும் வெயிலும் மாறி மாறி வரும் அந்தச் சில கிழமைகளில்தான் மேப்பிள் மரத்தில் சாறு ஓடும். மரத்தில் சிறு துளை போட்டு, குழாய் செருகி, வாளி கட்டிவிடுவார்கள். சொட்டுச் சொட்டாய் விழும். நாங்கள் காசு கொடுத்துப் பார்க்கப் போன இடத்தில் சின்னவன் குடித்துப் பார்த்துவிட்டு "தண்ணி" என்றான். கிட்டத்தட்ட தண்ணீர்தான். நாற்பது லீற்றர் சாற்றைக் காய்ச்சினால் ஒரு லீற்றர் பாணி. இந்த மண்ணின் முதற்குடிகளிடமிருந்து மற்றவர்கள் கற்றுக்கொண்ட வித்தை அது.

கொதிக்கும் சட்டியிலிருந்து ஆவி மேலே எழும்ப, அந்த மணம் மூக்கில் பட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அது கருப்பநீர் காய்ச்சும் மணத்துக்கு அவ்வளவு கிட்ட. அம்மம்மா வீட்டு அடுப்பு, பெரிய தாச்சி, அகப்பையில் ஒட்டின பாணியை விரலால் வழித்து நக்கினது, குட்டானில் ஊற்றி ஆற வைத்த பனங்கட்டி. பிள்ளைகளிடம் சொன்னேன்: எங்கட ஊரிலையும் மரம் இனிப்புத் தரும், ஆனா அங்க மரத்தில ஏற வேணும். மகள் உடனே கேட்டாள், "ஆர் ஏறினது?"

எங்கள் வளவில் சீவினவரை உங்களில் பாதிப்பேருக்குத் தெரியும். காலில் தளைநார் மாட்டி, இடுப்பில் கத்திக்கூடும் முட்டியும் தொங்க, விடியவும் பின்னேரமும் ஏறி இறங்குவார். பாளையைச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவின முட்டியைக் கட்டிவிடுவார். சுண்ணாம்பு பூசினால் கருப்பநீர் புளித்துக் கள்ளாகாது. இவ்வளவும் மகளுக்குச் சொன்னேன். அவர் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு நாளும் ஏறவில்லை என்பதையும், அவருக்குத் தேத்தண்ணி கொடுக்கத் தனிப் பேணி ஒன்று வேலியோரம் கவிழ்த்து வைத்திருந்தோம் என்பதையும் என்னால் சொல்ல முடியவில்லை. இங்கே சாறு எடுக்கிறவரைச் சுற்றி முப்பது பிள்ளைகள் வாய் பிளந்து நின்றார்கள். காசு கொடுத்து உள்ளே வந்த பெற்றோர் அவரிடம் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். எங்கள் ஊரில் மரத்தின் உச்சியிலிருந்து ஒவ்வொரு நாளும் இரண்டு தரம் ஊரைப் பார்த்த ஒரு மனிதர் இருந்தார். சோளகம் என்றைக்கு எழும்பும், வாடை எப்போது விழும், எந்தப் பனையில் எந்தப் பறவை கூடு வைத்திருக்கிறது, எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். நாங்கள் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. பயத்தால் நான் பார்க்காமல் விட்டது கொஞ்சம். எங்கள் கர்வத்தால் கேட்காமல் விட்டது அதைவிட அதிகம்.

இனி அந்த வெள்ளைப் பூ. அதன் பெயர் ட்ரில்லியம். மூன்று இலை, மூன்று இதழ். 1937இலிருந்து ஒன்ராறியோ மாகாணத்தின் பூ. மேலே மரங்கள் தளிர்த்து நிழல் விழுவதற்கு முன், நிலத்தில் வெயில் படும் அந்தக் கொஞ்ச நாளைக்குள் பூத்து முடித்துவிடும். காட்டுத் தரை முழுக்க வெள்ளையாய்க் கிடக்கும். விதை விழுந்து முதற் பூப் பூக்க ஏழு வருடமாவது செல்லும். விதையில் ஒட்டியிருக்கும் கொழுப்புக்காக எறும்புகள் அதைத் தூக்கிக்கொண்டு போய், கொழுப்பைத் தின்றுவிட்டு விதையை எறிய, அங்கே முளைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்தே அம்மாவை வட்ஸ்அப்பில் கூப்பிட்டுக் காட்டினோம். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "வில்வம் மாதிரி மூண்டிலை. ரெண்டு பூ ஆஞ்சு சாமிப் படத்துக்கு வையன் பிள்ளை" என்றார்.

"ஆயக்கூடாது அம்மம்மா. இலையோட ஆஞ்சா சாப்பாடு செய்ய அதுக்கு வேற இலை இல்லை. செத்தும் போயிடலாம்" என்றாள் மகள்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அது அங்கயே நிண்டு சாமியக் கும்பிடட்டும்" என்றார்.

பாதையை விட்டு விலகக்கூடாது என்பதற்கு இங்கே இதுதான் காரணம், செடி மிதிபட்டுவிடும். இன்னொன்று உண்ணி. றூஜ் காட்டில் கறுங்கால் உண்ணி உண்டு. அது கடித்தால் லைம் என்ற நோய் வரலாம். காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகிவிட்டுத்தான் நடப்போம். வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளை முழங்கால் மடிப்பு, காதுப் பின்புறம், தலைமயிர் எல்லாம் பார்த்துக் குளிக்க வார்ப்பேன். என் பிள்ளைகள் பத்தைக்குப் பயப்பட வேண்டியது இவ்வளவுக்குத்தான் என்பதை நினைத்துக் குளியலறைக் கதவடியில் இருந்து அழுதிருக்கிறேன்.

வைகாசி முடிவில் இன்னொரு விருந்தாளி வரும். மொனாக் என்ற செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி. புரட்டாதியில் இங்கிருந்து புறப்பட்டு மெக்சிக்கோ மலைக்காட்டில் குளிர்காலத்தைக் கழிக்கும். ஆனால் போனது திரும்பி வராது. வழியில் முட்டையிட்டுச் செத்துவிடும், அதன் பிள்ளையோ பேரப்பிள்ளையோதான் இங்கே வந்து சேரும். வந்து முட்டையிடுவது ஒரேயொரு வகைச் செடியில்தான். மகள் அதன் இலையைக் கிள்ளிக் காட்டினாள். வெள்ளைப் பால் வந்தது. எனக்கு ஒரே அதிசயம். எருக்கலம் பால்! உண்மையில் அது எருக்கலையின் சொந்தக்காரச் செடிதான். இரண்டும் ஒரே குடும்பம்.

அம்மாவிடம் சொன்னேன். கிழமைக்குள் அம்மா ஒரு படம் அனுப்பினார். கிணற்றடி ஒழுங்கை எருக்கலையில் ஒரு வண்ணத்திப்பூச்சி, செம்மஞ்சள் சிறகு, கறுப்புக் கரை, கரையில் வெள்ளைப் பொட்டு. மொனாக்கின் ஒன்றுவிட்ட சகோதரம் என்று சொல்லலாம், அறிவியலில் இரண்டுக்கும் ஒரே பேரினப் பெயர். நான் அந்த எருக்கலையைக் கடந்து பள்ளிக்கூடம் போன பெட்டை. ஒருநாளும் அதை நின்று பார்க்கவில்லை. கனடாவில் ஒரு செடியின் பாலைப் பார்த்த பிறகுதான் என் வீட்டு ஒழுங்கையில் இருந்த பூச்சியை நான் முதன்முதல் கண்டேன். அம்மா எழுபத்தொரு வயதில் குந்தியிருந்து அந்தப் படத்தை எடுத்திருக்கிறார். கை நடுங்கி நாலு தரம் தவறி, ஐந்தாம் தரம் சரிவந்ததாம்.

இப்படித்தான் ஒவ்வொன்றும் என்னை உங்களிடம் கொண்டுவந்து விடுகிறது. பங்குனித் தொடக்கத்தில் றூஜ் ஆறு ஒன்ராறியோ ஏரியில் விழும் சதுப்பில் ஊசிவால் வாத்துகள் இறங்கும். அதே இனம்தான் மாரியில் எங்கள் சரசாலைப் பக்கத்து நீரேரிக்கும் வருகிறது. இங்கு வருவன அமெரிக்காவின் தெற்கிலிருந்து வருகின்றன, அங்கு வருவன ஆசியாவின் வடக்கிலிருந்து. பறவை வேறு, இனம் ஒன்று. மகளுக்கு இதைச் சொன்னபோது, "அப்ப அம்மம்மா வீட்டுக்குப் போனா நான் அதைப் பார்க்கலாமோ?" என்றாள். பார்க்க முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. இங்கே பள்ளிக்கூட விடுமுறை ஆடி, ஆவணியில். எல்லோரும் நல்லூர்த் திருவிழாவோடு வந்து போவோம். வலசைப் பறவைகள் எல்லாம் போய்விட்ட காலம், வயல் வெடித்துக் கிடக்கும் காலம். என் பிள்ளைகள் இரண்டு தரம் வந்திருக்கிறார்கள். இரண்டு தரமும் அவர்கள் கண்டது வெக்கையும் புழுதியும் சொந்தக்காரர் வீட்டு விருந்தும்தான். ஊர் என்றால் அதுதான் என்று நினைத்திருக்கிறார்கள்.

ஊருக்கும் ஒரு வசந்தம் இருக்கிறது என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது? வேம்பு பூத்து முற்றம் முழுக்க உதிர்ந்து கிடக்கும் காலை. குயில் விடியமுன்னமே தொடங்கிவிடும். கறுத்தக்கொழும்பான் மாமரத்தின் கீழே பிஞ்சு பொறுக்கி உப்பும் தூளும் தொட்டுச் சாப்பிடுவோம். பங்குனித் திங்களில் பன்றித்தலைச்சி அம்மன் கோயிலுக்கு விடிய எழும்பி நடந்துபோய், வரிசையாய் மூட்டின அடுப்புகளின் புகைக்குள் கண் எரிய எரியப் பொங்கி, மட்டுவில் கத்தரிக்காயில் கறி வைத்து மரநிழலில் இருந்து சாப்பிட்ட ருசி. அந்த ஒரு நாள்தான் பாதையை விட்டு இறங்கி மரத்தடியில் இருக்க அம்மா எங்களை விட்டார். கோயில் வெளி அவருக்குப் பயமில்லாத இடம்.

அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். வாற பங்குனிக்கு வாறம். மார்ச் விடுமுறை ஒரு கிழமைதான். இன்னும் இரண்டு கிழமை பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து மறிக்கிறோம், எனக்குச் சம்பளமில்லாத விடுமுறை. இவர் இப்போதே மேலதிக வேலை செய்யத் தொடங்கிவிட்டார்.

வருவதற்கு முன் உங்களிடம் சிலது கேட்க வேண்டும். தூரத்தில் இருந்துகொண்டு புத்தி சொல்கிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே மின்சாரக் கட்டணமும் அரிசி விலையும் என்னவென்று மாதாமாதம் அம்மாவோடு கணக்குப் பார்க்கிறவள் நான்.

என் தமக்கையின் மகன் ஐந்தாம் வகுப்பு. புலமைப்பரிசில் பரீட்சைக்காகச் சனி, ஞாயிறு விடியவே ரியூசனுக்குப் போகிறான், பொழுதுபட வருகிறான். பறவை பாடத்தில் வருகிறது. படம் பார்த்துச் சரியாய்ப் பெயர் சொல்கிறான். சரசாலைக் குருவிக்காடு அவன் சைக்கிளில் போகும் தூரத்தில்தான் இருக்கிறது, ஆனால் அவன் போனதில்லை. எங்களை மிதிவெடி மறித்தது. வெடி அகற்றின நிலத்தில் நிற்கும் இவனை நாங்களே மறிக்கலாமா? கிழமையில் ஒரேயொரு காலை, சனிக்கிழமை ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரைக்கும் பிள்ளைகளை விடுங்கள். ரியூசன் ஆசிரியர்மாரே, இதை உங்களிடமும் கேட்கிறேன். நீங்களும் கூடப் போனால் பிள்ளைகளுக்கு இன்னும் சந்தோஷம்.

கடைசியாய் வந்தபோது குருவிக்காட்டுக் கண்டல் ஓரத்தில் லஞ்சீற்றும் பிளாஸ்ரிக் போத்தலும் காலடி உயரத்துக்கு ஒதுங்கிக் கிடந்தன. ஒரு கொக்கு அதற்கு மேலே நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குள் நாங்கள் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் கொண்டாடின பிறந்தநாள் விழாக்களின் குப்பையும் இருந்திருக்கும். வந்ததும் என் பிள்ளைகளோடு நான் அதைப் பொறுக்க வருவேன். கூட வருகிறவர்கள் வாருங்கள்.

இங்குள்ள எங்கள் ஊர்க்காரர் சிலரோடு பேசியிருக்கிறேன். இந்த முறை எங்கள் பங்குக் காசில் இரண்டு தொலைநோக்கி வாங்கிச் சனசமூக நிலையத்தில் வைப்போம். ஆரும் எடுத்துப் பார்க்கலாம், பார்த்துவிட்டுத் திருப்பி வைக்கட்டும். கூடவே ஒரு தடித்த கொப்பி. பெரியவர்கள் தங்களுக்குத் தெரிந்த பெயர்களை அதில் எழுத வேண்டும், எழுத ஏலாதவர்கள் சொல்ல, பிள்ளைகள் எழுதட்டும். புத்தகப் பெயர் வேண்டாம், அது புத்தகத்தில் கிடைக்கும். நீங்கள் வீட்டில் சொல்லும் பெயர் வேண்டும். புலுனி, செண்பகம், ஆக்காட்டி என்று அம்மா சொன்ன மூன்றை மகள் தன் கொப்பியில் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறாள். நாலாவதுக்கு அம்மாவுக்குப் பெயர் வரவில்லை. "ஒரு சின்னக் குருவி, வேலியில வாலை ஆட்டிக்கொண்டு நிக்கும்" என்று மட்டும் சொன்னார். அது எது என்று தெரிந்தவர்கள் அம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள், பாவம், இரண்டு நாளாய் அதையே யோசித்துக்கொண்டிருக்கிறார்.

கொப்பியின் முதற் பக்கத்தை எங்கள் வளவில் சீவின ஐயாவிடம் கொண்டுபோங்கள். இப்போது ஏறுவதில்லை, மகன்தான் ஏறுகிறார் என்று அறிந்தேன். பங்குனியில் நானே அவர் வீட்டுக்குப் போய்க் கூப்பிடுவேன். எங்கள் வீட்டு விறாந்தையில், அப்பாவின் சாய்மனைக் கதிரையில் இருந்து அவர் சொல்ல வேண்டும், பிள்ளைகள் கீழே இருந்து கேட்க வேண்டும். அம்மாவிடம் பேசிவிட்டேன். அம்மா முதலில் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் தானே கூப்பிட்டு, அலுமாரியில் இருக்கும் பீங்கான் கோப்பைகளைக் கழுவி வைப்பதாகச் சொன்னார்.

மகள் அவரிடம் கேட்கக் கேள்விகள் எழுதிக்கொண்டிருக்கிறாள். பதினேழு ஆகிவிட்டது. முதலாவது: "உச்சியில நிண்டு பார்த்தா கடல் தெரியுமோ?"

அன்புடன்,
உங்கள் ஊர்ப் பிள்ளை
ஸ்காபரோ, வைகாசி